சிலிக்கானா சலைனாங்கறது ரெண்டாவது கேள்விங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல பெண்கள் பக்கத்துல மார்பக இம்ப்ளாண்ட்ல, அதாவது மார்புக்குள்ள வைக்கற செயற்கைப் பையில எது நல்லது, சிலிக்கான் ஜெல் நெரப்புனதா, சலைன்ங்கற உப்புத்தண்ணி நெரப்புனதான்னு ஒரு கட்டுரை வந்துச்சு. ரெண்டு கட்டம் கட்டி, இந்தப் பக்கம் சிலிக்கான் அந்தப் பக்கம் சலைன், கீழ வெலை, மிக்சி வாங்கப் போறவங்களுக்கு எழுதுன மாதிரி எழுதியிருந்தீங்க. கூட வெள்ளக்காரப் பொண்ணு ஒண்ணு சிரிச்சுகிட்டு நிக்கிற படம் வேற. நான் நீடாமங்கலத்துல லேடீஸ் டெய்லர் கடை வச்சிருக்கேன், டாக்டரும் இல்ல நர்சும் இல்ல, ஆனா மார்ப எடுத்தவங்க, இம்ப்ளாண்ட் வச்சவங்க, வச்சத திரும்ப எடுத்தவங்கன்னு மன்னார்குடி, கொரடாச்சேரி, வலங்கைமான், அங்கிட்டு கும்பகோணம் வரைக்கும் எங்கிட்ட பிளவுஸ் தைக்க வர்றாங்க, போர்டெல்லாம் ஒண்ணும் கிடையாது, ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வர்றதுதான். ரெண்டு பக்கமும் தனித்தனியா டேப் வச்சு அளக்குறவளுக்கு கண்ணுல படுற சில விஷயம் இருக்கு. எங்க அக்கா மக நர்சிங் முடிச்சவ, கஸ்டமருங்க கொண்டாற ரிப்போர்ட்டெல்லாம் அவதான் படிச்சு அர்த்தம் சொல்லுவா, எஃப்டிஏன்னு அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவியெல்லாம் கண்காணிக்கற அரசாங்க அமைப்பு போட்டிருக்கறதையும் எடுத்து வாசிச்சுக் காட்டுவா. அதனால நான் எழுதறது எல்லாமே என் சொந்தச் சரக்குன்னு நெனச்சுடாதீங்க. கடிதம் கொஞ்சம் நீளம், வெட்டிப் போட்டாலும் பரவால்ல, கதிர்வீச்சு பத்தி எழுதுன எடத்த மட்டும் வெட்டிடாதீங்க.

அந்தக் கட்டுரைய எழுதுனவங்க இம்ப்ளாண்ட்னாலே அழகுக்கு வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க போல. எங்கிட்ட வர்றதுல அழகுக்குன்னு வச்சவங்க கைவிட்டு எண்ணிடலாம், மிச்சம் பூரா கான்சருக்கு மார்ப எடுத்தவங்கதான். அவங்களுக்கு சிலிக்கானா சலைனாங்கறது ரெண்டாவது கேள்விங்க. மொதல்ல கேக்க வேண்டியது, ஆபரேஷனுக்கு அப்புறம் கதிர்வீச்சு உண்டா இல்லையா. அதோட சேத்து, வச்சதுக்கப்புறம் வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப போய்க் காட்டுறதுக்கு காசு, கூட வர ஆளு, உடம்புல தெம்பு எல்லாம் இருக்கான்னு பாக்கணும். இதுக்குப் பதில் தெரியாம கட்டம் கட்டி எழுதி என்ன பிரயோஜனம்.

கதிர்வீச்சுன்னு ஏன் சொல்றேன்னா, மன்னார்குடி பக்கத்து டீச்சரம்மா ஒருத்தங்க. மார்ப எடுத்த அதே நாள்லயே உள்ள எக்ஸ்பாண்டர் வச்சுட்டாங்க. அது காலிப் பை மாதிரி வரும், தோலுக்கு அடியில இருக்கற சின்ன வாய் வழியா ஊசி போட்டு கொஞ்சங் கொஞ்சமா உப்புத்தண்ணி ஏத்தி தோல விரியவைப்பாங்க, போதுமான அளவு விரிஞ்சதும் இன்னொரு ஆபரேஷன்ல அத எடுத்துட்டு நெரந்தர இம்ப்ளாண்ட் வைப்பாங்க. இதெல்லாம் சரியாத்தான் போச்சு. எடுத்த கட்டிய டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் வந்தப்ப அக்குள்ல நெறிகட்டி நெறைய பாதிச்சிருக்கு, கதிர்வீச்சு குடுத்தே ஆகணும்னுட்டாங்க. கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல இருந்தாலோ, நெறிகட்டி 4 அல்லது அதுக்கு மேல பாதிச்சிருந்தாலோ மார்ப முழுசா எடுத்தாலும் கதிர்வீச்சு குடுக்கறது வழக்கமாம், அத உயிருக்காகக் குடுக்கறாங்க, வேணாம்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா கதிர்வீச்சு பட்ட எடத்துல இம்ப்ளாண்ட் இருந்தா தொந்தரவு கூடுதல். எந்த இம்ப்ளாண்ட் வச்சாலும் உடம்பு அத அன்னியப் பொருள்னு தெரிஞ்சுகிட்டு சுத்தி ஒரு சவ்வு போட்டுக்கும், எல்லாருக்கும் போடும், அது தப்பில்ல. சில பேருக்கு அந்தச் சவ்வு சுருங்கி இறுகிடும், இறுகுனா மார்பு கெட்டியாயி, உருண்டு, மேல ஏறி, கடைசியா வலிக்கவும் ஆரம்பிச்சுடும். டாக்டருங்க இத 4 படியா பிரிச்சு வச்சிருக்காங்க, 3, 4ன்னா பெரும்பாலும் மறுபடி ஆபரேஷன்தான். கதிர்வீச்சு பட்டவங்களுக்கு இது வர வாய்ப்பு நல்லாவே அதிகம், சீழ் வைக்கறதும் தையல் ஆறாம போறதும்கூட அதிகம்தான், சுகர் இருந்தா இன்னும் சிக்கல், நம்ம பக்கம் சுகர் இல்லாத வீடு எங்க இருக்கு. அந்த டீச்சருக்கு இடது பக்க டாட்ட, அதான் மார்புகிட்ட புடிக்கற மடிப்புத் தையல, ஒவ்வொரு தடவ வர்றப்பவும் ஏத்தி ஏத்திப் புடிச்சேன், கழுத்து எறக்கத்த கொறச்சேன், கடைசியில பிளவுஸே போட முடியாம சுடிதாருக்கு மாறிட்டாங்க.

எனக்கு ஆத்தாமை என்னன்னா, கதிர்வீச்சு வந்தாலும் வரலாம், வந்தா இம்ப்ளாண்ட் இறுகலாம், அதனால கதிர்வீச்சு முடியற வரைக்கும் பொறுத்து அப்புறமா பண்ணிக்கலாம், இல்ல சொந்தச் சதையில பண்ணிக்கலாம்னு அந்தம்மாகிட்ட யாரும் ஒக்காந்து சொல்லல. அவங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னாங்களாம். கையெழுத்தும் அவர்தான் போட்டிருக்கார். எந்த ஆஸ்பத்திரின்னு எழுத மாட்டேன், ஒரு ஆஸ்பத்திரின்னு இல்ல, பல எடத்துல இதான் கதை. அமெரிக்காவுல 2021 அக்டோபர்லேர்ந்து எஃப்டிஏ ஒரு விதி போட்டிருக்கு, இம்ப்ளாண்ட் வைக்கறதுக்கு முன்னாடி ஆபத்து ஒவ்வொண்ணையும் எழுதுன ஒரு படிவத்த அந்தப் பொம்பளகிட்டயே குடுத்து, படிச்சுப் புரிஞ்சுகிட்டேன்னு அவளே கையெழுத்துப் போடணும், டாக்டரும் போடணும். இங்க அந்தச் சட்டம் செல்லாது சரி, தமிழ்ல அப்படி ஒரு காகிதம் அடிச்சு வைக்கறதுக்கு என்ன பெரிய செலவு.

சொந்தச் சதைன்னு சொன்னேன்ல, உங்க கட்டுரையில அதப் பத்தி ஒரு வரி இல்ல. வயித்துல இருக்கற தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பா பண்றது ஒண்ணு, முதுகுச் சதைய முன்னாடி கொண்டாந்து வைக்கறது ஒண்ணு. வயித்துல எடுக்கறதுலயே ரெண்டு வகை. பழைய முறையில வயித்துத் தசையையும் சேத்து எடுப்பாங்க, அது பேரு ட்ராம், அதுல வயிறு பலமிழந்து குடலிறக்கம் வர வாய்ப்பு உண்டு. இன்னொண்ணு டீப், தசைய விட்டுட்டு தோல் கொழுப்ப மட்டும் ரத்தக்குழாயோட எடுத்து, மைக்ராஸ்கோப் வச்சுப் பாத்து நெஞ்சுல இருக்கற ரத்தக்குழாயோட இணைக்கறது. பல மணி நேரம் ஆகற ஆபரேஷன், பழகுன கை வேணும், இணைச்ச ரத்தக்குழாய் அடைச்சுகிச்சுன்னா வச்ச சதையே போயிடும். ஆனா பிடிச்சுகிச்சுன்னா அது உங்க உடம்பு, நீங்க வெயிட் போட்டா அதுவும் போடும், எளைச்சா எளைக்கும், பத்து வருஷம் கழிச்சு ஓட்டை விழுந்துச்சான்னு பாக்கற வேலை இல்ல.

திருவாரூர்லேர்ந்து ஒரு அம்மா வருவாங்க, வயித்துச் சதையில பண்ணிகிட்டவங்க. டெய்லரா சொல்றேன், அவங்களுக்குத் தைக்கறதுதான் எனக்கு சுலபம். இம்ப்ளாண்ட் வச்சவங்களுக்கு ஒரு பக்கம் அப்படியே நிக்கும், நிஜ மார்பு வயசுக்கும் வெயிட்டுக்கும் தக்கன எறங்கிகிட்டே போகும், அளவு பிளவுஸ்ன்னு ஒண்ண வச்சு நாலஞ்சு வருஷம் ஓட்ட முடியாது, கட்டோரின்னு கப் வச்சுத் தைக்கற பிளவுஸ்னா ஒரு கப் உயரும் ஒரு கப் தொங்கும். இத சரிக்கட்ட நல்ல மார்பையும் தூக்கித் தைக்கற ஆபரேஷன் தனியா இருக்காம். அதையும் மொதல்லயே சொல்லிட்டா அந்தச் செலவையும் சேத்துக் கணக்குப் போட்டுக்கலாம்ல. அந்தத் திருவாரூர் அம்மாவும் லேசுல வந்துடல, வயித்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தழும்பு, ரொம்ப நாளைக்கு நிமிந்து நடக்க முடியல. ஒல்லியா இருக்கறவங்களுக்கு வயித்துல எடுக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. முதுகுச் சதைன்னா கொஞ்சந்தான் கெடைக்கும், அதுக்கு அடியில இம்ப்ளாண்ட் சேத்து வைக்க வேண்டி வரலாம், தோள்ல பலமும் கொறையும், தண்ணி எறைக்கறவங்க நாத்துக்கட்டு தூக்கறவங்க இத யோசிக்கணும். எதுல பண்ணுனாலும் அந்த எடத்துல உணர்ச்சி முன்ன மாதிரி இருக்காது. சுடுதண்ணிப் பை வச்சு தோல் வெந்தது தெரியாம இருந்தவங்க உண்டு, பாத்துக்குங்க.

இப்ப உங்க கட்டத்துக்கு வர்றேன். சிலிக்கான் மொத மொதல்ல 1962ல அமெரிக்காவுல டெக்சாஸ் ஹூஸ்டன்ல ஒரு அம்மாவுக்கு வச்சாங்க. அப்புறம் லட்சக்கணக்குல வச்சாங்க, பை கிழியுது, உடம்புக்கு ஆகலைன்னு கேசுக்கு மேல கேசு வந்து, 1992ல எஃப்டிஏ சிலிக்கான் ஜெல்ல ஆராய்ச்சிக்கும் கான்சர் மாதிரி காரணத்துக்கும் மட்டும்னு நிறுத்தி வச்சு, மறுபடி 2006லதான் எல்லாருக்கும் விட்டாங்க. இந்த இடைப்பட்ட காலத்துலதான் அங்க சலைன் ஓகோன்னு ஓடுச்சு. நம்ம ஊர்ல இப்ப வைக்கறது பெரும்பாலும் சிலிக்கான்தான். ஃபிரான்ஸ்ல பிஐபின்னு ஒரு கம்பெனி, மருந்துக்குன்னு வர்ற சிலிக்கான விட்டுட்டு சும்மா தொழிற்சாலை சிலிக்கான ஊத்தி உலகம் பூரா வித்துருக்கான், 2010லதான் பிடிபட்டான், அதுக்கு அப்புறம் அந்தக் கம்பெனி மொதலாளி ஜெயிலுக்கும் போனான். வெலை கொறைவுன்னு யாராச்சும் சொன்னா கம்பெனி பேரு என்னன்னு மொதல்ல கேளுங்க.

ரெண்டுக்கும் வெளி உறை சிலிக்கான் ரப்பர்தான், உள்ள இருக்கறதுதான் வேற. சலைன்ல காலிப் பைய உள்ள வச்சுட்டு அப்புறமா உப்புத்தண்ணி நெரப்பலாம், அதனால வெட்டு சின்னதா போதும். ஓட்டை விழுந்தா தண்ணி உடம்புல கலந்துடும், கெடுதல் இல்ல, ஆனா மார்பு வத்திப்போயிடும், கண்ணால பாத்தே தெரிஞ்சுடும். தோல் மெலிசா இருக்கறவங்களுக்கு, அதுவும் மார்ப எடுத்தவங்களுக்கு, மேல சுருக்கம் சுருக்கமா தெரியும். சிலிக்கான் தொட்டா நிஜ சதைக்குப் பக்கமா இருக்கும், ஜெல் கெட்டியானதுன்னா வெட்டுனாக்கூட வழியாது. அது சரி, ஆனா பை கிழிஞ்சா வெளிய ஒண்ணுமே தெரியாமப் போகலாம். மாசக்கணக்கா வருஷக்கணக்கா தெரியாமயே இருக்கும். அதுக்குத்தான் வச்ச 5, 6 வருஷத்துல ஒரு தடவ ஸ்கேனோ எம்ஆர்ஐயோ எடுத்துப் பாக்கணும், அதுக்கப்புறம் 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவன்னு எஃப்டிஏ சொல்லுது. உங்க கட்டுரையில சிலிக்கான்தான் பெஸ்ட்டுன்னு முடிச்சிருக்கீங்க, இந்த எம்ஆர்ஐ கணக்கு எங்க. நூறு நாள் வேலைக்குப் போறவங்க, ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ்லயோ மன்னை எக்ஸ்பிரஸ்லயோ ஏறி காலையில எழும்பூர்ல எறங்கி, சாயங்காலம் வரைக்கும் லைன்ல நின்னுட்டு மறுபடி ராத்திரி ட்ரெயின் புடிக்கறவங்க, இன்னும் இருபது வருஷத்துக்கு இப்படிப் போயிட்டு வருவாங்களா. போக முடியும்னா சிலிக்கான் வச்சுக்குங்க, நல்ல பொருள்தான். முடியாதுன்னா ஓட்டை விழுந்தா கண்ணுக்குத் தெரியற சலைனையோ, வேற வழியையோ டாக்டர்ட்ட வாய் தொறந்து கேளுங்கன்னுதான் நான் எங்கிட்ட வர்றவங்கட்ட சொல்றேன். இம்ப்ளாண்ட் ஆயுசுக்கும் வர்ற பொருள் இல்ல. அழகுக்கு வச்சுகிட்டவங்கள்லயே 5ல 1 ஆளு 8, 10 வருஷத்துக்குள்ள எடுக்க வேண்டி வருதுன்னு எஃப்டிஏவே எழுதியிருக்கு. 30 வயசுல வைக்கறவங்க இன்னும் ஒரு ஆபரேஷனாவது பாக்கி இருக்குன்னு நெனச்சுகிட்டுதான் வைக்கணும்.

இதவிடப் பெரிய குத்தம் ஒண்ணு உங்க கட்டுரையில இருக்கு. சொரசொரப்பான உறை உள்ள இம்ப்ளாண்ட் எடம் மாறாது, அதனால வழுவழுப்ப விட அது மேல்னு போற போக்குல எழுதியிருந்தீங்க. எடம் மாறாதுங்கறது நெசந்தான், துளி வடிவத்துல இருக்கறது உள்ள சுத்திட்டா கோணலாயிடும்னுதான் அதுக்கு சொரசொரப்பு உறை போடுவாங்க, உருண்டையா இருக்கறது எப்படித் திரும்புனாலும் ஒண்ணுதான். ஆனா அந்தச் சொரசொரப்பு உறைக்கும் இம்ப்ளாண்ட சுத்தி வர்ற ஒரு வகை லிம்ஃபோமாவுக்கும், அதாவது நோய் எதிர்ப்பு அணுக்கள்ல வர்ற கான்சருக்கும், தொடர்பு இருக்கு, பேரு பிஐஏ ஏஎல்சிஎல். 2011லயே எஃப்டிஏ எச்சரிக்கை பண்ணுச்சு. 2019 ஜூலையில, அது வரைக்கும் உலகம் முழுக்க 573 பேருக்கு வந்திருக்கு, 33 பேரு எறந்திருக்காங்க, அந்த 573ல 481 பேருக்கு இருந்தது அலர்கன் கம்பெனி இம்ப்ளாண்ட்டுன்னு கணக்கு வெளியிட்டாங்க, அந்தக் கம்பெனியும் அதோட பயோசெல் சொரசொரப்பு ரகத்த உலகம் பூரா திரும்ப எடுத்துகிச்சு. அதுக்கு முன்னாடி ஏப்ரல்லயே ஃபிரான்ஸ்ல ரொம்ப சொரசொரப்பானதுக்குத் தடை போட்டுட்டாங்க. இதெல்லாம் நடந்து இத்தன வருஷம் ஆனப்புறம் ஒரு பேப்பர்ல அது மேல்னு எழுதலாமாங்க.

பயமுறுத்தவும் நான் விரும்பல, ஏன்னா உங்க பேப்பரப் படிச்சவங்களே இந்தக் கடிதத்தயும் படிப்பாங்க. அது அபூர்வமா வர்றதுதான், சீக்கிரம் கண்டுபிடிச்சா இம்ப்ளாண்ட்டையும் சுத்தி இருக்கற சவ்வையும் முழுசா எடுத்தாலே பெரும்பாலும் சரியாயிடுது. தொந்தரவு இல்லாதவங்க ஓடிப்போய் எடுக்க வேணாம்னுதான் எஃப்டிஏ அப்பவே சொல்லுச்சு. வச்சு பல வருஷம் கழிச்சு திடீர்னு ஒரு பக்கம் வீங்குனாலோ, உள்ள நீர் கோத்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ சூடுன்னு சொல்லி வெளக்கெண்ண தடவிகிட்டு இருக்காம டாக்டர்ட்ட போங்க. போறப்ப உள்ள இருக்கறது என்னன்னு சொல்லத் தெரியணும். இம்ப்ளாண்ட் டப்பாவுல ஒரு ஸ்டிக்கர் வரும், கம்பெனி பேரு, ரகம், அளவு, சீரியல் நம்பர் எல்லாம் அதுல இருக்கும், ஒரு கார்டும் தருவாங்க. எங்கிட்ட வந்தவங்கள்ல அந்தக் கார்டு கையில இருக்கறவங்க ரொம்பக் கம்மி, கேட்டா ஃபைல்ல இருக்கும்பாங்க, ஃபைல் ஆஸ்பத்திரியில இருக்கும்பாங்க. அத வாங்கி ரேஷன் கார்டோட சேத்து வைங்க, போன்ல போட்டோவும் எடுத்து வச்சுக்குங்க. மேமோகிராம்ங்கற மார்பு எக்ஸ்ரே எடுக்கப் போனாலும் அங்க இருக்கறவங்கட்ட இம்ப்ளாண்ட் இருக்குன்னு மொதல்லயே சொல்லிடணும், வேற மாதிரி புடிச்சு கூடுதலா படம் எடுக்கணும். நம்ம நாட்டுல மருத்துவக் கருவியால வந்த தொந்தரவப் பதிவு பண்ணவும் மெட்டீரியோவிஜிலன்ஸ்னு 2015லேர்ந்து ஒரு திட்டம் இருக்கு, இருக்கறதே யாருக்கும் தெரியல.

அளவு விஷயம் பேசாம டெய்லர் கடிதத்த முடிச்சா நல்லாருக்காது. டாக்டருங்க 250 சிசி, 300 சிசின்னு சொல்லுவாங்க, ஒரு சிசின்னா ஒரு மில்லிதான், ஆனா கேக்கறவங்களுக்கு அது எவ்வளவுன்னு கண்ணுக்கு முன்னாடி வராது. எங்க கடையில பழைய உழக்கு ஒண்ணு கெடக்கு, எங்க மாமியா காலத்துது. ஒரு உழக்கு 336 மில்லி, ஆழாக்கு 168. ஆக 300 சிசின்னா உழக்குல தலை தட்டி இன்னும் ரெண்டு கரண்டி கொறச்சா வர்ற அளவு. பச்சரிசிய அந்த அளவு அளந்து மெல்லிசு துணிப்பையில கட்டி பிராவுக்குள்ள வச்சு, மேல பிளவுஸ் போட்டு, சேலையும் கட்டி, ஒரு நாள் முழுக்க வீட்டு வேலை பாருங்கன்னு சொல்லி அனுப்புவேன். குனிஞ்சு பெருக்கணும், கொடத்த இடுப்புல வைக்கணும், பஸ்ல நிக்கணும். வெளிநாட்டுலயும் அரிசி வச்சுப் பாக்கற பழக்கம் இருக்காம், நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல. கும்பகோணத்துலேர்ந்து ஒரு பொண்ணு சித்தியோட வந்துச்சு, கல்யாணத்துக்கு முன்னாடி அழகுக்கு வச்சுக்கணும்னு, உழக்குக்கு மேலயே கேட்டுச்சு. சாயங்காலமே போன் பண்ணி, அக்கா, கழுத்து வலி தாங்கல, ஆழாக்கு போதும்க்கா அப்படின்னு சொல்லுச்சு. வச்சுக்காதன்னு நான் சொல்லல, அது அவ உடம்பு அவ காசு, ஆனா பொண்ணு பாக்க வந்த வீட்டுக்காரன் சொன்னாங்கறதுக்காகன்னா எனக்கு எரிச்சலா வருது, அவன் வீட்டுப் பையனுக்கு தலையில முடி நட்டாங்களான்னு கேக்கத் தோணுச்சு, வாய மூடிகிட்டேன். அமெரிக்காவுல அழகுக்குன்னா சிலிக்கானுக்கு 22 வயசு, சலைனுக்கு 18 வயசு ஆகணும்னு வச்சிருக்காங்க. பின்னாடி பால் குடுக்கற யோசனை இருந்தா வெட்டு எங்க போடுவீங்கன்னும் கேட்டுக்கணும், காம்ப சுத்தி வெட்டுறதவிட மார்புக்கு அடி மடிப்புல வெட்டுறது பால் குழாய்க்கு நல்லது.

திருநங்கைங்களும் எங்கிட்ட தைக்கறாங்க. அவங்களுக்கு நெஞ்சு அகலம், தோல் இறுக்கம், சிசி கணக்கு மட்டும் பாத்தா நடுவுல பெரிய எடைவெளி விழும், இம்ப்ளாண்ட்டோட அடி அகலம் எத்தன சென்டிமீட்டர்னு பாத்துத்தான் எடுக்கணும். இம்ப்ளாண்ட நெஞ்சுத் தசைக்கு மேல வைக்கறதா அடியில வைக்கறதாங்கறதும் எல்லாருக்கும் ஒண்ணு கெடையாது. தசைக்கு அடியில வச்சா ஓரம் தெரியாது, இறுகறதும் கொஞ்சம் கம்மி, ஆனா கைய இழுத்து வேலை செய்யறப்ப மார்பு அசையும்.

ஒண்ணுமே வச்சுக்காம இருக்கறதும் ஒரு முடிவுதான், அத உங்க கட்டுரை மட்டும் இல்ல, யாருமே சொல்றதில்ல. எங்க சின்ன நாத்தனாரு கொரடாச்சேரி பக்கம், நடவு ஆளு. இடது மார்ப எடுத்தாச்சு. மறுசீரமைப்பு பண்ணிக்கறியான்னு நாங்க கேட்டப்ப, அண்ணி, உசிரோட எழுந்து வந்துட்டேன், இன்னொருக்கா கத்தி வைக்க நான் ஆள் இல்லன்னு ஒரே பேச்சா சொல்லிட்டா. அப்புறம் கடையில விக்கற சிலிக்கான் பேடு ஒண்ணு வாங்கிக் குடுத்தோம், கனம் சரியா இருந்துச்சு, ஆனா வயல்ல குனிஞ்சா கழுத்து வழியா வெளிய வந்துடுது, வெயில்ல வேர்த்து தோல் வெந்துபோகுது. பஞ்சு வச்சா எடை இல்லாம அந்தப் பக்கம் மேல ஏறிக்குது. கடைசியா நான் என்ன பண்ணுனேன்னா, காட்டன் பாடிக்குள்ள ரெண்டு அடுக்கு மல்லுத்துணியில பாக்கெட் தச்சு, அக்குள் பக்கம் மட்டும் வாய் வச்சு, கழுத்துப் பக்கம் முழுசா அடைச்சேன். உள்ள வைக்கறதுக்கு காட்டன் நூல்ல பின்னுன உருண்டை, அடியில மட்டும் கொஞ்சம் கேழ்வரகு தச்சுப் போட்டேன், குனிஞ்சாலும் நிமிந்தாலும் எடத்த விட்டு நகரல, தொவைக்கறப்ப கேழ்வரகுப் பைய பிரிச்சு எடுத்துடலாம். குறுவை நடவு முழுக்க அதப் போட்டுகிட்டுதான் போனா. எடுத்த பக்கத்துக் கையில கனம் தூக்கறது, அந்தக் கையில ஊசி போடறது பிபி பாக்கறது இதெல்லாம் கூடாதுன்னு அவகிட்ட சொல்லியிருக்காங்க, கை வீங்கலாமாம். அதனால பிளவுஸ் கைய இறுக்கிப் புடிக்காம அந்தப் பக்கம் மட்டும் அர இஞ்சு லூசா வைக்கணும், இத எந்த டெய்லர் படிச்சாலும் சரி, குறிச்சு வச்சுக்குங்க.

அரசாங்கம் இதக் கண்டுக்கவே இல்லன்னும் சொல்ல முடியாது. 2018ல சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில மார்பக அறுவை சிகிச்சைக்குன்னே இலவச கிளினிக் தொறந்தாங்க, ஏழைங்களுக்கும் இம்ப்ளாண்ட் வைக்கலாம்னு, அப்ப வெளிநாட்டுப் பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, அரசாங்கக் காசுல அழகு பாக்கறதான்னு கேலி பண்ணுனவங்களும் உண்டு. பொம்பள மார்புன்னாலே அழகுன்னு மட்டும் பாக்கற கண்ணுக்கு வேற என்ன தெரியும். கல்லு ஒடைச்சவன் கால் போனா செயற்கைக் கால் குடுக்கறத யாரும் கேலி பண்றதில்லையே. ஆனா ஸ்டான்லி சென்னையில இருக்கு, நாங்க இங்க இருக்கோம்.

அதனால உங்கள ஒண்ணு கேக்கறேன். தஞ்சாவூர், திருவாரூர், திருச்சி அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிங்கள்ல பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் எந்தக் கெழமை ஓபி பாக்கறாங்க, மார்ப எடுத்தவங்க நேரா போகலாமா இல்ல கான்சர் டாக்டர் சீட்டு வேணுமா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில எந்தெந்த மறுசீரமைப்பு ஆபரேஷனுக்குப் பணம் வருது, எக்ஸ்பாண்டருக்கும் இம்ப்ளாண்ட்டுக்கும் தனியா கட்டணுமான்னு உங்க நிருபர நேர்ல அனுப்பிக் கேட்டு, ஒரு பக்கம் போடுங்க. படம் எதுவும் வேணாம். சொரசொரப்பு இம்ப்ளாண்ட் பத்தி எழுதுனதுக்குத் திருத்தமும் அதே பெண்கள் பக்கத்துலயே போடுங்க, உள்பக்கத்துல ஓரமா சின்ன எழுத்துல போட்டா மொதல்ல படிச்சவங்க பாக்க மாட்டாங்க. அந்தப் பக்கம் வந்துச்சுன்னா நான் பத்து காப்பி வாங்கி கடையில வைக்கறேன், வர்றவங்க எடுத்துட்டுப் போகட்டும்.

பேரு போட வேணாம், கடைக்கு வர்றவங்களுக்கு சங்கடம்.

இப்படிக்கு,
லேடீஸ் டெய்லர் ஒருத்தி,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.